கை மாறினால் ஒரு சுற்று

எங்கள் பக்கத்து மெல்லிசைக் கலைஞர் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. கட்டுரை கேட்டு, செயலாளர் என் கடைக்கே வந்துவிட்டார். நான் அப்போது ஒரு மிக்சியின் வயிற்றைப் பிரித்துப் பரப்பிவிட்டு, எந்தத் திருகாணி எந்த ஓட்டைக்கு என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தேன்.

“சேகரண்ணே, நாலு பக்கம் எழுதிக் குடுங்க. இந்த ட்ராக் வந்து நம்ம பொழப்பு எப்படிப் போச்சுன்னு. நீங்க எழுதுனா சிரிச்சுக்கிட்டே படிப்பாங்க.”

“ட்ராக்கைக் கொண்டாந்ததே நான்தானப்பா.”

“அதையும் எழுதுங்க. அதுவும் சிரிப்பாத்தான் இருக்கும்.”

எனக்கு வயது ஐம்பத்து நாலு. இருபத்தாறு வருடம் கொடைக்கானலிலும் கீழ்மலை ஊர்களிலும் பழனி அடிவாரத்திலும் கல்யாணம், திருவிழா, ஓட்டல் என்று கீபோர்டு வாசித்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஓய்வு பெற்றேன். யாரும் சால்வை போர்த்தவில்லை. நான் ஓய்வு பெற்றது எனக்கு மட்டும்தானே தெரியும்! இப்போது வத்தலக்குண்டில் மிக்சி ரிப்பேர். இந்தத் தொழிலில் ஒரு நிம்மதி உண்டு. சத்தம் வந்தால் வேலை முடிந்தது, வராவிட்டால் முடியவில்லை. நடுவில் குழப்பம் கிடையாது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி. மற்றவர்களுக்குப் பயம் வந்தால் வியர்க்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். எனக்குப் பயம் வந்தால் ஜோக் வரும். பல் டாக்டர் நாற்காலியில் வந்திருக்கிறது, செக்போஸ்டில் வந்திருக்கிறது. என் கல்யாண மேடையில் தாலி கட்டப் போகும் நேரத்தில்கூட ஒன்று வந்தது. என் மனைவி அதை இன்னும் மன்னிக்கவில்லை. இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும்.

வாசிக்கக் கற்றுக்கொண்ட கதை சின்னது. அப்பாவுக்குச் செண்பகனூரில் பேக்கரி அடுப்பில் வேலை. கோவில் பாடல்குழுவில் ஒரு ஆர்மோனியம் சும்மா கிடந்தது, நானும் சும்மா கிடந்தேன். நாலு வருடத்தில் இருவரும் சேர்ந்து ஏதோ ஒரு சத்தத்துக்கு வந்து சேர்ந்தோம். அதைக் கேட்டுத்தான் மரியதாஸ் மாஸ்டர் என்னைக் குழுவில் சேர்த்தார்.

மாஸ்டர் வயலின். குழுவே அவருடையது. ஒல்லியான மனிதர். கழுத்தில் எந்த மாதத்திலும் மப்ளர், கன்னத்தில் எந்நேரமும் ஒரு கிராம்பு. அவர் ஒருநாளும் யாரையும் திட்டிக் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக மரியாதையைக் கூட்டுவார். நாம் நன்றாக வாசித்தால் ‘ஏலே’, தப்பு செய்தால் ‘நீங்க’. பெரிய தப்புக்கு ‘தாங்கள்’ என்று ஒன்று இருப்பதாகச் சொல்வார்கள். நான் சேர்ந்தபோது குழுவில் யாரும் அதைக் கேட்டதில்லை. முன்பு ஒரு கிதார்காரர் கேட்டுவிட்டு ஊரை விட்டே போய்விட்டார் என்று தபேலா பாண்டி சொல்வான். பாண்டி சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

என் முதல் மேடை ஆடலூரில், கோவில் திருவிழா. மாஸ்டர் வில்லைத் தூக்கினார். அது எனக்கான குறிப்பு, நான்தான் முதல் சத்தம் கொடுக்க வேண்டும். எனக்குக் கை மரத்துவிட்டது. ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினேன். அது டெமோ பொத்தான். சாமி பாட்டுக்குப் பதிலாக, கீபோர்டு செய்த கம்பெனிக்காரன் உள்ளே போட்டு அனுப்பிய ஏதோ ஒரு வெளிநாட்டு டான்ஸ் இசை, டிரம்ஸ் எல்லாம் அடித்துக்கொண்டு, ஆடலூர் முழுக்கக் கேட்டது. பூசாரி திரும்பிப் பார்த்தார். எனக்கு அதை நிறுத்தவும் தெரியவில்லை.

மாஸ்டர் ஒரு நொடி கேட்டார். பிறகு வயலினைத் தோளில் வைத்து அந்த டான்ஸுக்கே வாசிக்க ஆரம்பித்தார். பாண்டி தாளத்தைப் பிடித்துக்கொண்டான். புல்லாங்குழல்காரரும் உள்ளே வந்தார். அது முடிகிற இடத்தில் மாஸ்டர் அப்படியே ஒரு வளைவு வளைத்துச் சாமி பாட்டின் முதல் வரியில் கொண்டுவந்து விட்டார். ஜனம் கை தட்டியது. நான் பயத்தில் மைக்கைப் பிடித்து, “இது அம்மனோட வெளிநாட்டு பக்தர்கள் காணிக்கையா அனுப்புனதுங்க” என்றேன். இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

வேனில் திரும்பும்போது மாஸ்டர் முன்சீட்டிலிருந்து திரும்பாமலே சொன்னார்: “சேகர், அந்தப் பாட்டு நல்லாயிருந்துச்சுங்க. நாளைக்கு அத வாசிக்க வேணாம்ங்க.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து மேடையில் ஃபியூஸ் போனாலும் தந்தி அறுந்தாலும் சமாளித்துப் பேசுவது என் பொறுப்பு என்று ஆகிவிட்டது.

மலையில் வாசிப்பது கீழே வாசிப்பது மாதிரி இல்லை. மேடைக்குப் போனதும் பெட்டிகளைத் திறந்து அரை மணி நேரம் கருவிகளைக் குளிரோடு பழகவிட வேண்டும். பாண்டி தபேலாத் தோலைத் தணல் சட்டிக்குக் காட்டுவான். மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கினால் தோல் தொய்ந்துவிடும் என்பதால் நிகழ்ச்சி நடுவிலும் சட்டி காலடியில் இருக்கும். புல்லாங்குழலைக் கக்கத்தில் வைத்துச் சூடேற்றினாலும் குளிரில் அது கொஞ்சம் இறங்கித்தான் பேசும். கீபோர்டுக்குக் குளிர் தெரியாது. எனவே தெரிகிற மாதிரி நடிக்க வேண்டும் என்பது மாஸ்டர் சட்டம். “குளுரு தெரியாதவன்தான் தெரிஞ்சவனுக்கு எறங்கி வரணும்” என்பார். நான் சுருதிப் பொத்தானைத் தட்டித் தட்டி, குழல் நிற்கிற இடத்துக்கு இறங்கிப் போவேன். பிறகுதான் வயலின், கடைசியாகப் பாடுகிறவர்.

பாடியவர் சந்திரா அக்கா. சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்தவர். பெரும்பாறையில் ஒரு எஸ்டேட் ஸ்டோரில் காப்பிக்கொட்டை பொறுக்கும் வேலை. அந்தத் தூசியோ இந்த மலைக் குளிரோ, அக்காவுக்கு இழுப்பு உண்டு. பாட்டை எல்லாம் கோடு போட்ட நோட்டில் எழுதிவைத்திருப்பார், ஆனால் மேடையில் அதைத் திறக்கவே மாட்டார். குரல் பெரிய குரல் இல்லை. பக்கத்து வீட்டில் யாரோ தனக்குத்தானே பாடிக்கொள்வதை நாம் கேட்டுவிட்ட மாதிரி இருக்கும். கல்யாண வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு கேட்பார்கள்.

அக்கா சேர்ந்த புதிதில் ஒருநாள், பாட்டின் நடுவே மூச்சு முட்டியது. மைக்கை இடக்கைக்கு மாற்றினார். வலக்கையால் இடுப்பில் செருகியிருந்த பம்ப்பை எடுத்து வாயில் அடித்துக்கொண்டார். மூச்சு திரும்ப ஒரு நிமிஷம் ஆயிற்று. நாங்கள் பாட்டை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். முன்வரிசையில் ஒரு அம்மா, “ஐயோ பாவம்” என்றது மைக்கிலேயே கேட்டது. அக்கா அன்று வேனில் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தார்.

மறுநாள் ஒத்திகையில் மாஸ்டர் ஒரு சட்டம் போட்டார்.

“சந்திராம்மா கை மாறுனா, அந்த வரி முடிஞ்சதும் எல்லாரும் இடையிசையோட கடைசித் துண்டுக்குப் போயிரணும். அதையே சுத்திச் சுத்தி வாசிக்கணும். மொகத்தப் பாக்கக் கூடாது, கையத்தான் பாக்கணும். மைக்கு வலக்கைக்கு வந்ததும் பாண்டி ஒரு உருட்டு குடுக்கணும். உருட்டு முடியிற எடத்துல அவங்க நொழைவாங்க.”

“எத்தன சுத்து மாஸ்டர்?” என்று கேட்டேன்.

“அது எப்படிங்க எனக்குத் தெரியும்? அவங்க மூச்சுக்குத்தான் தெரியும்.”

கேட்டதே தப்பு என்று அந்த ‘ங்க’விலிருந்து தெரிந்தது.

அதற்குப் பிறகு இருபது வருடம் அக்காவுக்கு மேடையில் இழுப்பு வந்ததே கூட்டத்துக்குத் தெரியாது. பழனி அடிவாரத்தில் ஒரு கல்யாணத்தில் பதினொரு சுற்று போனோம். அதுதான் எங்கள் சாதனை. ஒவ்வொரு சுற்றிலும் மாஸ்டர் வயலினில் ஒரு சின்னப் பூவைச் செருகினார், பாண்டி ஒரு இடி கூட்டினான், பதினோராவதில் அது எங்கேயோ போய்விட்டது. நிகழ்ச்சி முடிந்ததும் மாப்பிள்ளையின் மாமா மேடைக்கு வந்து, “அந்தப் பாட்டுல நடுவுல வந்த மியூசிக் இருக்கே, ஒரிஜினல்லகூட இவ்வளவு இல்ல” என்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வேனில் ஏறும்போது மாஸ்டர் என் முதுகில் தட்டி, “ஏலே, வெரல் வலிக்குதாலே?” என்றார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான்.

அப்புறம் ஒவ்வொருவராகக் குறைந்தோம். புல்லாங்குழல்காரர் காலமானார். மாஸ்டருக்குக் கை நடுக்கம் வந்தது. வயலினைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, குழுவை என்னிடம் கொடுத்துவிட்டுச் செண்பகனூர் வீட்டோடு இருந்துவிட்டார். பாண்டி ஜீப் ஓட்டப் போனான். ஓட்டல்காரர்களும் சாப்பாட்டு ஹாலின் மூலையில் கட்டில் அளவு மேடை போட்டு, “ரெண்டு பேரு போதும்ணே, ட்ராக் வச்சுப் பாடிருங்க” என்றார்கள். பாட்டின் இசையை மட்டும் பதிந்துவைத்த அந்த ட்ராக்குகளுக்காக நான் லேப்டாப் வாங்கினேன்.

முதல் ட்ராக்கை மாஸ்டருக்குத்தான் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, நாற்பது வயலின் இருக்கும்.

“சுத்தமா இருக்கு. யாரு வாசிக்கிறாங்க?”

“தெரியல மாஸ்டர். நெட்டுல எறக்குனது.”

“அவங்களுக்குச் சந்திராம்மாவத் தெரியுமாலே?”

நான் சிரித்தேன். மாஸ்டரும் ஜோக் அடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

உண்மையைச் சொன்னால் ட்ராக் எனக்குப் பிடித்திருந்தது. அக்காவுக்குக் குரல் வயதோடு இறங்கியிருந்தது. ட்ராக்கை அரைக் கட்டை இறக்கித் தரச் சொன்னார், இறக்கித் தந்தேன். ஒத்திகையில் ஒரு இடம் பிசகவில்லை. நாற்பது வயலினுக்கு முன்னால் நிற்கிறேன் தம்பி என்று அக்காவே சந்தோஷப்பட்டார். தப்பில்லாமல் பாடி ஒத்திகை பார்த்தோம். தப்பு வந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை பார்க்கவில்லை. இருபது வருடமாக அது எங்களுக்குத் தெரிந்த விஷயமாயிற்றே!

மேடை நிறைந்து தெரிய வேண்டும் என்று ஓட்டல்காரர் சொன்னதால் கீபோர்டையும் என் முன்னால் வைத்துக்கொள்வேன். ஆனால் ஒயர் மாட்டுவதில்லை. லேப்டாப்பைத் தட்டிவிட்டு, செத்த கீபோர்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு நிற்பேன். ஆறு மாதம் அப்படி நின்றேன். என்னை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஒருமுறை ஒரு பெரியவர் வந்து கையைக் குலுக்கி, “வெரல்ல சரஸ்வதி இருக்கா” என்றார். அவளுக்கும் ஒயர் மாட்டவில்லை என்று சொல்ல நினைத்து விட்டுவிட்டேன்.

இனி அந்த நாள்.

கொடைக்கானலில் ஒரு ஓட்டல் புல்வெளி. கீழே ஏதோ ஒரு கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள், குடும்பத்தோடு கூடியிருந்தார்கள். அறுபது எழுபது பேர். சாயங்காலம் நாலு மணி. காலையிலிருந்து வெயில் அடித்துவிட்டு, சரியாக அந்த நேரத்துக்குப் பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறியது. அக்கா முதல் இரண்டு பாட்டை நன்றாகப் பாடினார். மூன்றாவது ஒரு மெதுவான பாட்டு. கூட்டம் பேச்சை நிறுத்தியிருந்தது. இரண்டாம் சரணத்தில் இரண்டு வரி பாடியிருப்பார். மைக் இடக்கைக்கு மாறியது.

நான் பார்த்தேன்.

அக்கா பம்ப்பை வாயில் வைத்துக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கலவரம் எதுவும் இல்லை. ‘சுத்து’ என்று சொல்கிற பழைய பார்வை. என் கை தானாக இடையிசையின் கடைசித் துண்டுக்குப் போய்விட்டது. வாசித்தேன். கண்ணை அவர் கையிலேயே வைத்துக்கொண்டு, உயிரைக் கொடுத்து வாசித்தேன். சுற்றிவந்து மறுபடி பிடித்தேன். அப்போதுதான் காதில் விழுந்தது: நாற்பது வயலின்களும் எங்களை விட்டுவிட்டுச் சரணத்தோடு தம் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. குரல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக ஓடிக்கொண்டிருந்தது. என் விரலுக்குக் கீழே பிளாஸ்டிக் கட்டைகள் டொக் டொக்கென்றன. ஒயர் என் காலடியில் சுருண்டு கிடந்தது. எத்தனை சுற்று வாசித்தேன் என்று அப்போது எண்ணவில்லை.

கூட்டத்தில் ஒருவர் இருமினார். யாரோ போனைத் தூக்கிப் பிடித்தார். எனக்குப் பயம் வந்தால் என்ன வரும் என்று முன்னாலேயே சொன்னேன்.

மைக்கை எடுத்தேன். போனில் பேசுமே ஒரு அம்மா, அந்தக் குரலில், “தாங்கள் தொடர்புகொள்ளும் பாடகி, தற்போது கவரேஜுக்கு வெளியே உள்ளார். மலையில் டவர் இல்லை. செத்த நேரம் கழிச்சு முயற்சி பண்ணுங்க!” என்றேன்.

இருபத்தாறு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சிரிப்பு அதுதான். நாற்காலியைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அக்காவும் சிரித்தார், விருந்தாளி வீட்டில் சிரிப்பது மாதிரி. பிறகு மைக்கை இடக்கையாலேயே ஸ்டாண்டில் செருகிவிட்டு மேடையை விட்டு இறங்கிப் போனார். ட்ராக் யாருக்கும் காத்திருக்காமல் பல்லவியை வாசித்து, முத்தாய்ப்பு வைத்து, அழகாக முடித்தது. பழக்கதோஷத்தில் அதற்கும் கை தட்டினார்கள்.

பஸ் ஸ்டாண்டில், “வர்றேன் தம்பி” என்றார் அக்கா. எப்போதும் சொல்வதுதான். அடுத்த நிகழ்ச்சிக்கு முடியவில்லை என்று சொல்லி அனுப்பினார். அதற்கடுத்ததற்கும். அன்று போனில் படம் பிடித்தவர் அதைச் சும்மா வைத்திருக்கவில்லை. கை மாறி மாறி, திண்டுக்கல்லில் இருக்கும் சந்திரா அக்காவின் மகள் வரைக்கும் போயிருக்கிறது, ‘பாட்டி நெட்வொர்க் அவுட்’ என்ற தலைப்போடு. என் குரல்தான் அதில் தெளிவாகக் கேட்கும்.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். கட்டிலில் மப்ளரோடு உட்கார்ந்திருந்தார். கை முழங்காலின் மேல் நடுங்கிக்கொண்டிருந்தது. முழுக்கக் கேட்டார்.

“கைய மாத்துனாங்களா?”

“மாத்துனாங்க மாஸ்டர்.”

“யாரப் பாத்தாங்க?”

“என்னைய.”

கன்னத்துக் கிராம்பை எடுத்து சன்னலுக்கு வெளியே போட்டார். பிறகு என்னைப் பார்த்து, “தாங்கள் டீ சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டார்.

நான் டீ குடித்தேன். அடுத்த பொங்கலுக்குள் மாஸ்டர் போய்விட்டார். நடுவில் நாலைந்து முறை பார்த்தேன், நலம் விசாரித்தார், என் பிள்ளைகளைக் கேட்டார். ‘ஏலே’ என்று மட்டும் கூப்பிடவில்லை.

ட்ராக்கால் பிழைப்பு போயிற்று என்று எழுதச் சொன்னார் செயலாளர். ட்ராக் அன்று ஒரு தப்பும் செய்யவில்லை. போட்ட இடத்தில் ஆரம்பித்தது, முடிய வேண்டிய இடத்தில் முடித்தது. கண் உள்ளவன் நான் ஒருவன்தான் மேடையில் இருந்தேன். லேப்டாப்பை விற்றுவிட்டேன். கீபோர்டை எடுக்க ஆளில்லை, கடையில் அதன் மேல்தான் மிக்சி ஜார்களைக் கவிழ்த்துவைத்திருக்கிறேன்.

அக்காவைப் போய்ப் பார்க்க இரண்டு வருடம் ஆயிற்று எனக்கு. பெரும்பாறை பஸ்ஸில் மூன்று தடவை ஏறினேன். ஒரு தடவை அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டேன். ஒரு தடவை மலை அடிவாரம் வரை. மூன்றாம் தடவை பாதி மலையில் இறங்கி, வாந்தி வருகிறது என்று கண்டக்டரிடம் பொய் சொல்லி, அவர் கொடுத்த எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே கீழே நடந்தேன். சங்க மலர் வந்துதான் என்னை மேலே ஏற்றியது. அவரைக் கேட்காமல் இதை எழுத முடியாதே.

போன மாதம் போனேன். அக்கா வீட்டு வாசலில் தார்ப்பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. இன்னும் இளைத்திருந்தார்.

“அட, கீபோர்டு! வழி தெரிஞ்சுச்சா?”

“பஸ்சுக்குத் தெரியுதுக்கா, நான் உள்ள உக்காந்துதான் வந்தேன்.”

“ஒனக்கு வாய் மட்டும் கொறையல” என்று உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தார். படிக்கல்லில் உட்கார்ந்தேன். அக்கா உட்காரவில்லை. தம் டம்ளரை வலக்கையில் பிடித்துக்கொண்டு, காலால் மிளகைக் கிளறிவிட்டுக்கொண்டே நான் சொல்வதைக் கேட்டார். மலரைப் பற்றிச் சொன்னேன். அன்று நடந்ததை எழுதாமல் என் கதையை எழுத முடியாது என்று சொன்னேன்.

“எழுதுறது இருக்கட்டும். எனக்கு ஒண்ணு சொல்லு தம்பி. அன்னைக்கு நான் கைய மாத்துனேனே, நீ பாத்தியா?”

இதற்குப் பதிலை இரண்டு வருடமாகத் தயார் செய்துவைத்திருந்தேன்.

“இல்லக்கா. லேப்டாப்பத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பாத்திருந்தா வாசிச்சிருக்க மாட்டேனா?”

அக்காவின் கால் நின்றது.

“வாசிச்சியே தம்பி.”

எனக்குத் தலை நிமிரவில்லை.

“சத்தந்தான் வரல. ஒன் கை சுத்துல ஓடுச்சு. இருவது வருசமா அந்தக் கையப் பாத்துத்தான நான் நொழைஞ்சேன், எனக்குத் தெரியாதா? மூணு சுத்து வாசிச்ச.”

“ரெண்டுக்கா” என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பொய் பிடிபட்டவன் ஏதாவது ஒன்றில் சரியாக இருக்க ஆசைப்படுவான் போல.

“மூணு. மூணாவதுல எனக்கு மூச்சு வந்துருச்சு. வரியும் வந்துருச்சு. பல்லவிக்கு முன்னாடி இன்னும் ரெண்டு வரி மிச்சங் கெடந்துச்சு, அதுல நொழைஞ்சிரலாம்னு மைக்க இந்தக் கைக்குக் கொண்டுவாறேன். அதுக்குள்ள நீ மைக்க எடுத்துட்ட.”

ஒரு கோழி மிளகுப் பக்கம் வந்தது. அக்கா அதை விரட்டவில்லை.

“செத்தப் பொறுத்திருந்தா என்னன்னுதான் தோணுச்சு. வேற ஒண்ணுமில்ல.”

இரண்டு வருடமாக நான் நினைத்துக்கொண்டிருந்தது வேறு. மூச்சு திரும்பாத ஒரு பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு, சத்தம் இல்லாத கட்டையைத் தட்டிக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. வாசித்தது போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் திரும்பிவந்து வாசலில் நின்றபோதுதான் நான் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

“மன்னிச்சிருங்கக்கா.”

“காப்பியக் குடி. ஆறுது.” பிறகு, “எழுதிக்க. ஆனா மூணுன்னு எழுது, ரெண்டுன்னு எழுதிராத. விளங்குச்சா?” என்றார்.

பள்ளத்திலிருந்து மஞ்சு ஏற ஆரம்பித்தது. மிளகு நனைந்துவிடும் என்று அக்கா குனிந்து தார்ப்பாயின் முனையைப் பிடித்து ஒரு மடி மடித்தார். நிமிரும்போது நெஞ்சு விசிலடித்தது. அப்படியே நின்றுவிட்டார். டம்ளர் வலக்கையிலிருந்து இடக்கைக்கு மாறியது. வலக்கை இடுப்புக்குப் போய் பம்ப்பைத் தேடியது.

என் விரல்கள் படிக்கல்லின் மேல் ஓட ஆரம்பித்தன. நான் ஓட்டவில்லை, அவையாக ஓடின. அந்தப் பாட்டின் இடையிசை, கடைசித் துண்டு. ஒரு சுற்று போயிற்று. அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். நானும் அவர் கையைத்தான் பார்த்தேன். இரண்டாம் சுற்று. அந்தப் பயம் மறுபடி வந்தது. நாக்கு நுனிக்கு ஜோக்கும் வந்துவிட்டது, அந்தக் கோழியைப் பற்றி, நல்ல ஜோக். வாயை மூடிக்கொண்டேன். மூன்று. நாலு. ஐந்தாவதில் விசில் அடங்கியது. அக்கா டம்ளரை வலக்கைக்கு மாற்றினார்.

பாண்டி இல்லை. நானே விரல் முட்டியால் படிக்கல்லில் ஒரு உருட்டு கொடுத்தேன்.

“வெரசாக் கெளம்பு தம்பி, பஸ் போயிரும்” என்றார் அக்கா, உருட்டு முடிந்த இடத்தில், ஒரு மாத்திரைகூடப் பிந்தாமல்.